அண்ணன் காற்று, தம்பி வெயில்

அமானுல்லா சமோவர் கொதிகலனிலிருந்து மூன்றாவது தடவை டீ ஊற்றினார். அதுவும் உதட்டுக்கு வருவதற்குள் ஆறிப்போனது. பல்லிடுக்கில் வைத்த சர்க்கரைக் கட்டி கரையக்கூட இல்லை.

"தூபா, சமோவர்ல தீ இருக்கா இல்லையா?"

"தீயெல்லாம் இருக்கு. உங்க தாத்தா கோபுரம்தான் உட்கார்ந்து ஆத்துது. கைப்புள்ளைக்குப் பால் ஆத்துற மாதிரி என்ன அக்கறையா ஆத்துது பாருங்க" என்றாள் அவர் மனைவி.

அவர் தலைக்கு நேர் மேலே கூரையில் கோபுரத்தின் துவாரம் இருந்தது. யஸ்த் ஊரில் பழைய வீடென்றால் காற்றுக்கோபுரம் இல்லாமல் இருக்காது. கூரைக்கு மேலே இருபது முழம் எழுந்து நின்று பாலைவனக் காற்றைப் பிடித்துக் கூடத்துக்குள் இறக்கும். தரையில் ஒரு கல் சல்லடை. அது வழியாக மிச்சக் காற்று கீழே நிலவறைக்கும் போகும். கோடையில் அது இல்லாவிட்டால் இந்த ஊரில் மனிதன் இருக்க முடியாது. ஆனால் கோபுரத்துக்கு மாதம் தெரியாது. குளிர் வந்தால் குளிரையும் அதே மாதிரிப் பிடித்து இறக்கும்.

அதனால்தான் குளிர் எட்டிப் பார்த்ததும் துவாரத்தை அடைத்துவிட்டு, பாயையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய்விடுவது வழக்கம். கோடைக்கு நிழல் பக்கம், குளிருக்கு வெயில் பக்கம். நடுவில் நீர்த்தொட்டி, ஒரு மாதுளை மரம். மொத்தம் நாற்பது அடி நடை.

அந்த நாற்பது அடியைத்தான் அமானுல்லா இந்த வருடம் நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

அப்பா சாகும்போது நிழல் பக்கத்தை அமானுல்லாவுக்கும் வெயில் பக்கத்தைத் தம்பி குர்பானுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். படிக்காத மனிதர் செய்த பாகம். வக்கீல் செய்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். கோடையில் எல்லாரும் அண்ணன் பக்கம், குளிரில் எல்லாரும் தம்பி பக்கம் என்று பதினோரு வருடம் சத்தமில்லாமல் ஓடியது. போன வசந்தத்தில் படுக்கையைச் சுமந்துகொண்டு நிழல் பக்கம் வந்த குர்பான், முற்றத்தில் நின்று மேலே பார்த்தான்.

"அண்ணே, கோபுரம் சாஞ்சிருக்கு."

"எது சாஞ்சிருக்கு?"

"கோபுரம்தான். காத்து முன்ன மாதிரி வரல பாரு."

"உன் கழுத்த நேரா வச்சுக்கிட்டுப் பாரு."

"கழுத்து நேராத்தான் இருக்கு. தாத்தா அளவுல தப்புப் பண்ணிட்டாரு."

இது போதாதா? தலையில் படுக்கையோடு நின்றவனைப் பார்த்து அமானுல்லா கத்தினார். "சாஞ்ச கோபுரத்துக் காத்து உனக்கெதுக்குடா? என் காத்துல ஒரு மூச்சு உனக்குக் கிடையாது, போ!"

"போறேன். குளிர் வரட்டும். என் வெயில்ல ஒரு கால் நீ வைக்கக் கூடாது."

காற்றையும் வெயிலையும் பாகம் போட்ட குடும்பம் எங்கள் தெருவில் இது ஒன்றுதான்.

அந்தக் கோடை முழுக்க குர்பான் வெயில் பக்கத்திலேயே இருந்தான். யஸ்த்தின் நடுக்கோடை மத்தியானம் என்றால் என்ன என்று இங்கே இருப்பவனுக்குத் தெரியும். பித்தளைத் தாழ்ப்பாளைத் தொட்டால் கை கொப்பளிக்கும். வெயில் பக்கத்து அறைகள் ரொட்டி அடுப்பு மாதிரி. அமானுல்லா கோபுரத்துக்கு அடியில் மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்து, எதிர்ப் பக்கத்தை ஓரக்கண்ணால் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் குர்பான் தன் வாசலில் வந்து நிற்பான். தலை வாரி, முகம் தெளிந்து, உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லாமல்.

"இவன் மனுஷனா, இரும்பா?" என்று அமானுல்லா வாயைப் பிளப்பார். முதலில் பொறாமை. பிறகு பயம். ஆவணி தாண்டும்போது அது வெறும் பிரமிப்பாக ஆகிவிட்டது. தம்பியை இத்தனை நாள் சாதாரண ஆளாக நினைத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் கூசினார்.

கோபுரமும் சும்மா இல்லை. மத்தியானங்களில் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது கர்ர்... கர்ர்... என்று அடித்தொண்டையில் உறுமியது.

"தூபா, கேக்குதா? அவன் சாஞ்சிருக்குன்னு சொன்னதுல தாத்தா கோபுரத்துக்குக் கோபம்."

"ஆமாங்க, ரொம்பக் கோபம். நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு தூபா மோர்ச் சட்டியோடு நிலவறைக்கு இறங்கிப் போவாள். முற்றத்திலிருந்து முப்பத்திரண்டு படி. அமானுல்லாவின் முழங்கால் அதில் இறங்கி ஆறு வருடம் ஆகிறது.

இப்போது குளிர்.

ரேடியோவில் வானிலைக்காரன் 'மிதமான குளிர்' என்றான். அவன் தெஹ்ரானில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வான், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஷீர்கூஹ் மலை உச்சி ஒரே நாளில் வெள்ளையானது. அன்றைக்கே ஊருக்குள் ஒரு சத்தமில்லாத ஆள் நுழைந்த மாதிரி இருந்தது. நேற்றுவரை மண்சுவர் உள்ளங்கைக்கு இதமாக இருந்தது, இன்று இரும்பு. கடைத்தெருவில் மனிதர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். காலையில் நீர்த்தொட்டியில் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு. அதற்கு அடியில் சிவப்பு மீன்கள் அசையாமல் தொங்கின. அமானுல்லா ஒரு விரலால் அதை அழுத்தினார். விரலைத்தான் அது திருப்பி அனுப்பியது. பத்து மாதம் நம்மைப் பொசுக்கிய அதே வானம், ஒரு மேகம் இல்லாமல், அதே நீலத்தில் நின்றுகொண்டு இதைச் செய்கிறது. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

"ஏங்க, போயிடலாங்க" என்றாள் தூபா. "என் இருமலைக் கேக்குறீங்கல்ல?"

"அவன் மூணு மாசம் அந்த அடுப்புக்குள்ள இருந்தான். ஒரு வாய் தண்ணி கேட்டு இந்தப் பக்கம் வந்தானா? நான் முதல் குளிருக்கே ஓடிப்போய் நிக்கவா? நான் மூத்தவன்டி."

தூபா வாயைத் திறந்தாள். எதையோ சொல்ல வந்து, மூடிக்கொண்டாள்.

அமானுல்லா ஒரு கழியால் பஞ்சுப் போர்வையைத் துவாரத்துக்குள் திணித்தார். காற்று நின்றது. சந்தோஷமாக டீ குடித்தார், டீ சூடாகவே இருந்தது. பிறகுதான் வீட்டில் இருந்த ஒரே பெரிய போர்வை அதுதான் என்பது ஞாபகம் வந்தது. மற்றவை எல்லாம் கணப்பு மேசையோடு தம்பி பக்கத்தில் இருந்தன. கணப்பு மேசை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குட்டை மேசை, அடியில் தணல் சட்டி, மேலே நாலு பக்கமும் தொங்கப் போர்வை. சுற்றி உட்கார்ந்து கால்களை உள்ளே நீட்டிக்கொண்டால் மார்கழி முழுக்க ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

"நாமளே ஒண்ணு செய்யலாம்" என்று தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அடியில் தணல் வைத்து, மேலே சுவர்க் கம்பளத்தைப் போட்டார். கரி ஈரம். புகை கிளம்பியது. கோடையில் புகையைக் கொண்டுபோகிற வழியில்தான் இப்போது போர்வை அடைத்திருந்தது. கால் மணி நேரத்தில் தூபா எங்கே இருக்கிறாள் என்று இருமல் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"இழுங்க! அந்தப் போர்வைய இழுங்க!"

இழுத்தார். போர்வை வந்தது. அதோடு தாத்தா காலத்திலிருந்து கோபுரத்துக்குள் குடியிருந்த புறாக்களின் எச்சம், இறகு, கூடு, தூசி எல்லாம் வந்தது. தணல் அணைந்தது. கம்பளம் போனது. அமானுல்லாவின் தாடி எந்த நிறம் என்று சொல்ல முடியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் முற்றத்தில் வந்து விழுந்தார்கள். எதிர்ப் பக்கம் கண்ணாடிக் கதவுகள் விரியத் திறந்திருந்தன. சாய்ந்த குளிர்கால வெயில் அறையின் கடைசிச் சுவர்வரை போய்ப் படுத்திருந்தது. அந்த வெயிலில், வெறும் பனியனோடு, குர்பான் மாதுளை உரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே! வீடு எரியுதா, இல்ல சமையலா?"

"சமையல்!"

"என்ன, புறாவா?"

குர்பானின் மனைவி இஸ்மத் உள்ளேயிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது தெளிவாகக் கேட்டது.

அமானுல்லா நேராகத் தெருமுனைக்குப் போய் மேஸ்திரி மெஹ்ரபானைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோடையில் தூபா சொல்லி நிலவறைத் தொட்டியைக் கழுவிக் கொடுத்தவர் அவர்தான். அக்கினி கும்பிடுகிற பழைய குடும்பம், பொய் பேசாதவர். பொய் மட்டுமில்லை, பொதுவாகவே பேசாதவர். கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் நாள் முழுக்க ஒரு சொல் வராது.

"முற்றத்துக்கு நடுவுல சுவர் கட்ட முடியுமா?"

"முடியும்."

"அவன் மூஞ்சி தெரியக் கூடாது."

"எவ்வளவு உயரம் மூஞ்சி?"

"என் உயரம்தான். மாதுளை மரம் குறுக்க வருதே?"

"வெட்டணும்."

அமானுல்லா மரத்தைப் பார்த்தார். உச்சியில் நாலு பழம் வெடித்துச் சிவந்து தொங்கியது. பறவைக்கென்று அப்பா விட்டுவைப்பார். அவருக்குப் பிறகு குர்பான் விட்டுவைக்கிறான்.

"வெட்டுங்க. நாளைக்குக் காலைல."

கோபுரம் சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. மெஹ்ரபான் பதில் சொல்லிவிடுவார் என்று பயம்.

மறுநாள் செங்கல் வந்தது. தெருவே வாசலில் எட்டிப் பார்த்தது. சுவர் எழும்பிவிட்டால் அப்புறம் இந்த ஜென்மத்தில் அதை இடிக்க முடியாது, இடிக்கச் சொல்ல எவனுக்கும் வாய் வராது. அது அமானுல்லாவுக்கும் தெரியும். அதனால்தான் அவசரப்பட்டார்.

மெஹ்ரபான் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் கலவை கல்லானது.

"என்ன ஆச்சு?"

"உறைஞ்சுபோச்சு."

"சமோவர் தண்ணிய ஊத்துங்க!"

சமோவர் தண்ணீரை ஊற்றினார். கலவை ஆவி விட்டது, இளகியது, ஒரு செங்கலை ஏந்தியது, மறுபடி கல்லானது. வீட்டில் டீக்கும் தண்ணீர் இல்லாமல் போனது. குழாயைத் திறந்தால் குழாயும் உறைந்திருந்தது.

"சரி, மரத்தையாவது முதல்ல வெட்டுங்க" என்றார் அமானுல்லா.

எதிர் வாசலில் குர்பான் எழுந்து நின்றான். இப்போது சிரிக்கவில்லை. மெஹ்ரபான் கோடாரியை எடுத்தார். மேலே பார்த்தார். அப்படியே நின்றார்.

"என்ன நிக்கிறீங்க?"

"மேகம்."

வெயில் போயிருந்தது. எப்போது போனது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. ஊருக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கூரை இறங்கியிருந்தது. ரொட்டிக் கடைச் சத்தம், கழுதை மணி, அடுத்த தெரு வாய்ச்சண்டை எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. காற்றும் நின்றது. காது அடைத்துப்போன மாதிரி ஒரு அமைதி.

"ஏங்க!" உள்ளேயிருந்து தூபாவின் குரல் வந்தது. கத்தவில்லை. தொழுகைக்கு நிற்பவளைப் போல் மெதுவாகக் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்."

அமானுல்லா கூடத்துக்குள் போனார்.

கோபுரத்துக்குள்ளிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள். தாத்தா காற்றுக்கென்று விட்ட வழியில், சதுரமாக, ஒரு வெள்ளைத் தூண் மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல். ஒவ்வொரு துணுக்கும் அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து கல் சல்லடை மேல் உட்கார்ந்தது. புறா எச்சம், கரி, நாசமான கம்பளம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. பதினேழு வருடமாக இந்த ஊர் பனியைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பெய்த பனியை இவர் பரம்பரையில் எவனும் பார்த்ததில்லை.

அமானுல்லா கையை நீட்டினார். ஒரு துணுக்கு உள்ளங்கையில் விழுந்தது. ஆறு கை. ஒவ்வொரு கையிலும் வேலைப்பாடு. எந்த மேஸ்திரியும் செய்ய முடியாத வேலை. முழுசாகப் பார்ப்பதற்குள் வெறும் தண்ணீரானது. இன்னொன்று விழுந்தது. வேறு வேலைப்பாடு.

"சுபஹானல்லாஹ்" என்றார்.

இதை உடனே யாருக்காவது காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. யாருக்கு? நினைக்காமலே கால் வெளியே போனது.

முற்றத்தில் குர்பான் பனியனோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. செங்கல் அடுக்கு வெள்ளை, மாதுளை வெள்ளை, கோடாரி வெள்ளை. அந்தப் பாதி இந்தப் பாதி என்று ஒரு கோடும் தெரியவில்லை.

"டேய், கூடத்துக்குள்ள பெய்யுதுடா!"

"எங்க?"

"கோபுரத்து வழியா! வந்து பாரு!"

குர்பான் ஓடி வந்து பார்த்தான். அண்ணனும் தம்பியும் தோள் இடிக்க நின்றார்கள்.

"நேரா இறங்குது அண்ணே" என்றான் குர்பான். "தூக்குக் குண்டு விட்ட மாதிரி இறங்குது. கோபுரம் சாயல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

அமானுல்லாவுக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ள இப்போது புகையும் இல்லை.

"அண்ணி இருமுறாங்க. வா அண்ணே, அந்தப் பக்கம் போலாம்."

நாற்பது அடி. பனியில் ஒவ்வொரு அடிக்கும் முறுக்குக் கடிக்கிற சத்தம் கேட்டது. மெஹ்ரபானையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கோடாரி மரத்தடியிலேயே கிடந்தது.

கணப்பு மேசையைச் சுற்றி ஐந்து பேரும் உட்கார்ந்து காலை உள்ளே விட்டார்கள். இஸ்மத் சட்டி நிறைய வேகவைத்த பீட்ரூட்டைக் கொண்டுவந்து வைத்தாள், ஆவி பறக்க. அமானுல்லாவின் விரல்களுக்கு உயிர் வந்தது. நாக்குக்கும் வந்தது.

"குர்பான், எல்லார் முன்னாலயும் சொல்றேன். என்னால பதினோரு நாள் குளிரத் தாங்க முடியல. நீ மூணு மாசம் அந்தக் கோடையத் தாங்கின. ஒரு நாள் முகம் சுளிச்சியா? ஒரு சொட்டு வியர்த்தியா? நான் பேருக்குத்தான்டா மூத்தவன். ஆம்பள நீதான்."

குர்பான் பீட்ரூட்டை மிக நெருக்கமாகப் பார்த்தான். இஸ்மத்துக்கு அடுப்பில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. தூபா உப்பே தேவையில்லாத பீட்ரூட்டுக்கு உப்புப் போட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணே..."

"ஒண்ணுமில்லையா? உன்னைப் பாத்துத்தான் நான் இவ்வளவு நாளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என் தம்பி தாங்கினதுல கால்வாசியாவது நான் தாங்கணும்னு."

"எனக்குத் தூக்கம் வருது அண்ணே" என்றான் குர்பான். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினான். தப்பிப்பதற்காகத்தான் மூடினான். ஆனால் உள்ளே தணல், வெளியே பனி, வயிற்றில் பீட்ரூட். நிஜமாகவே தூங்கிவிட்டான்.

கர்ர்... கர்ர்...

அமானுல்லா டீக் குவளையைக் கீழே வைத்தார்.

"தூபா! கேட்டியா? தாத்தா கோபுரம்!"

"ஆமாங்க. காத்து."

"காத்துதான் நின்னுபோச்சே. அதுவும் கோபுரம் அந்தப் பக்கத்துலல்ல இருக்கு?" அவர் நெற்றியைச் சுருக்கினார். தூபாவைப் பார்த்தார், அவள் உப்பைப் பார்த்தாள். கடைசியில் மெஹ்ரபான் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேஸ்திரி. இது என்ன சத்தம்?"

தூபா மேசைக்கு அடியில் யாருடைய காலையோ மிதித்தாள். அது மெஹ்ரபானின் கால் இல்லை.

"உங்க தம்பி குறட்டை" என்றார் மெஹ்ரபான். "கோடையில உங்க நிலவறைத் தொட்டி கழுவ வந்த மூணு நாளும் மத்தியானம் இதே சத்தம்தான், 'மெதுவாத் தேய்ங்க மேஸ்திரி, கொழுந்தன் தினமும் இந்த நேரம்தான் இங்க தூங்குவாரு'ன்னு உங்க வீட்டம்மாகூடச் சொன்னாங்களே."